கயிறு அழிப்பவள்

உப்பு இராச்சியத்தில்
மின்கம்பங்கள் கிடையாது.
ஆகவே முதல் வேலையாக
நாவற்குழி வெளியிலிருந்து
பதினேழு கம்பங்களைப் பிடுங்கினேன்.
பிறகு ஒரு தண்ணீர்த் தாங்கி,
ஒரு தொலைபேசிக் கோபுரம்,
படப்பிடிப்பை எட்டிப் பார்த்த
ஒரு மனிதரின் தலை.

ஸ்ரான்லி வீதியில்
கச்சான் வறுக்கும் கடைக்கு மேலே என் அறை.
ஒரு கணினி, ஒரு மின்விசிறி.
இரண்டையும் சேர்த்துப் போட்டால்
ஒன்று நின்றுவிடும்.

கதை இதுதான்:
மந்திரவாதியின் சாபத்தில்
இளவரசி உப்புச் சிலையாகிறாள்.
காதலன் அழுதால் உயிர் வரும்.
கூட அழுதால் கரைந்து போவாள்.
"எவ்வளவு அழவேணும் எண்டதுதான் படமே"
என்று சொன்ன இயக்குநர் நிலக்சன்
கையிலிருந்த றோல்ஸைக் கடிக்க மறந்திருந்தார்.

இளவரசன், இரசாயனவியல் ரியூசன் மாஸ்ரர்.
அவர் பாய்ந்து வரும் வெண்குதிரை
பச்சைத் துணி போர்த்திய எண்ணெய்ப் பீப்பா.
பீப்பாவுக்கு நான்கு கால்கள் கொடுத்தேன்.
பிடரிமயிருக்கு மட்டும் ஒன்பது இரவுகள் போயின.
இளவரசிக்கு நகை அடகுக் கடையில் வேலை;
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே
அவளால் உப்பாக முடிந்தது.

பிறகு வந்தது
சாபம் தீர்ந்து அவள் வானேறும் காட்சி.
இருநூற்றுப் பதினொரு பிறேம்கள்.
ஒவ்வொன்றிலும்
அவள் இடுப்பிலிருந்து ஒரு கயிறு,
கயிறு முடிகிற ஓரத்தில்
இரண்டு கைகள்.

முன்பு ஸ்ரூடியோவில் இருந்தபோது
இல்லாமற்போனவர்களைக்
குடும்பப் படங்களில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.
தாய்க்குப் பக்கத்தில், கொஞ்சம் சிரிப்போடு.
இருக்கிற ஒருவரை எடுப்பது
இதுதான் முதல்முறை.

முதல் நாள் அவை வெறும் கைகள்.
மூன்றாம் நாள்
இடப் பெருவிரலில் தூண்டில் கிழித்த தழும்பு.
ஐந்தாம் நாள்
அவர் மூச்சைப் பிடிக்கும் இடமும்
விடும் இடமும் எனக்குப் பாடம்:
தொண்ணூற்று நாலாவது பிறேமில்
மணிக்கட்டு இலேசாக நடுங்கும்,
இளவரசி ஒரு விரற்கடை இறங்கி
மறுபடி ஏறுவாள்.
பார்ப்பவர்களுக்கு அது மந்திரம்.

கணக்குக் கொப்பியில் தேடினேன்.
கயிறு: ஜெறாட், குருநகர்.
இரண்டு நாள். சாப்பாடு உண்டு.

கையை அழிப்பதென்றால்
முதலில் நிழலை அழிக்கவேண்டும்.
இல்லாவிட்டால் கையில்லாத நிழலொன்று
உப்பளத்தில் தனியே
எதையோ இழுத்துக்கொண்டிருக்கும்.

திரையிட்ட மாலை
எனக்கு முன்வரிசையில்
கதிரைச் சட்டத்தைப் பற்றியிருந்தது அந்தத் தழும்பு.
மடியில் ஒரு பொடியன்.
இளவரசி எழுந்தாள்.
மண்டபம் முழுக்க விசில்.

"இப்ப பார், மாமா இழுக்கிறன்."
"எங்கை?"
"அந்த ஓரத்திலை."
"ஒருத்தரும் இல்லை மாமா.
அவ தானாத்தான் பறக்கிறா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கைகளை எடுத்து
மடக்கி, கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்,
மழையில் வந்தவர் போல.

வெளியே சைக்கிள்களுக்கு நடுவே
"ஜெறாட்" என்றேன்.
பெயர் தெரிந்ததில் திடுக்கிட்டுத் திரும்பினார்.
என்ன சொல்வதென்று
நான் யோசித்து வைத்திருக்கவில்லை.
போனைத் திறந்தேன். ஓடவிட்டேன். நிறுத்தினேன்.

நூற்று அறுபதாவது பிறேம்.
அதில் மட்டும் நான் கைவைக்கவில்லை.
ஒரு நொடியை இருபத்து நாலாகப் பிரித்தால்
அதில் ஒரு துண்டு.
வெளிறிய வானம், மிதக்கிற பாவாடை,
ஓரத்தில் கயிற்றோடு
இறுகின கைகள்.

"பிழையா விட்டுப்போச்சுதோ?"
"இல்லை."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.
பொடியன்தான் போனைப் பறித்து
இரண்டு விரலால் விரித்தான்,
விரித்தான்,
வானம் போய், பாவாடை போய்,
பெருவிரலின் தழும்பு
திரை நிறைய வரும்வரை.